ஆறாம் பதிப்பும் மச்சானின் கோழிச் செட்டும்

1

பிள்ளைகளே, பின்லாந்து நாட்டில் நான் பார்ப்பது ஒரு வார்த்தை சொல்கிற வேலை. 'வல்மிஸ்' என்பது அந்த வார்த்தை. இங்கத்துப் பாஷையில் 'தயார்' என்று அர்த்தம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் சொல்ல வேண்டும். மற்ற நாளெல்லாம் அதைச் சொல்லலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் லதா டீச்சர்தான் எழுதச் சொன்னார். "நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வெளிநாடு போனவங்க என்ன பண்றாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியட்டுங்க. பரீட்சை முடிஞ்சு அடைக்கறதுக்குள்ள அனுப்பிருங்க. பனி, கப்பல், அதெல்லாம் எழுதுங்க" என்றார்.

இந்த மாசியோடு இங்கே வந்து ஒன்பது வருஷம் முடிந்தது. பனியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். இந்த மாதம் நடந்ததை மறைத்துவிட்டுப் பனியைப் பற்றி எழுதினால் உங்களிடம் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

2

நான் வடகரப்பதிக்காரன். சித்தூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போய் ஐடிஐ படித்தேன், எலக்ட்ரானிக்ஸ். அதற்கு மேல் படிப்பு இல்லை. பிறகு கோயமுத்தூரில் ஒரு கடையில் சேர்ந்து, கோழிப் பண்ணைச் செட்டுகளில் விசிறியை ஓட்டுகிற பெட்டிகளைப் பழுது பார்த்தேன். கொழிஞ்சாம்பாறை, முதலமடை, பொள்ளாச்சி என்று பைக்கிலேயே சுற்றுவேன். அந்தப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி பின்லாந்தில் இருந்தது. பெட்டி கெட்டால் எப்படிக் கெட்டது என்று படம் வரைந்து அனுப்புவேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

வருவதற்கு வில்லேஜ் ஆபீசில் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் வாங்கினேன். நம் ஊர் கேரளாவில் ஆயிற்றே, மலையாளத்தில் கொடுத்தார்கள். அதை இங்கிலீஷாக்கி, இங்கே அவர்கள் பாஷையில் ஆக்கியபோது, என் அப்பா பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. மூன்று பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க இன்னொரு காகிதம். இன்றைக்கும் தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் ஒரு கேள்வி வரும். தொழில் என்ற இடத்தில் 'சோதிப்பவர்' என்று எழுதுவேன்.

"வாத்தியாரா?" என்பார் அந்த ஆபீசில் இருக்கிற அம்மா.

"இல்லை."

"டாக்டரா?"

"இல்லை."

"பிறகு யாரைத்தான் சோதிக்கிறீர்கள்?"

நான் சோதிப்பது ஒரு மொழியை. நீங்களும் நானும் பேசுகிற மொழி இல்லை. பெட்டிக்குள் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்கு நாம் சொல்வதைப் புரிய வைக்கிற மொழி. 'சூடு இத்தனை டிகிரிக்கு மேல் போனால் மூன்றாவது விசிறியைப் போடு, நாலு நிமிஷம் ஓட்டு, இரண்டு நிமிஷம் நிறுத்து' என்று அந்த மொழியில் எழுதி வைத்தால் பெட்டி அப்படியே செய்யும். எங்கள் கம்பெனி பெட்டியும் செய்கிறது, பெட்டிக்கான மொழியும் செய்கிறது. உங்கள் பாடப்புத்தகம் மாதிரி அந்த மொழிக்கும் புதுப் பதிப்பு வரும். இப்போது எல்லோரிடமும் ஓடுவது ஐந்தாம் பதிப்பு. நாங்கள் ஆறாவதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் தப்பு இருந்தால் டீச்சர் 'பென்சிலால் திருத்திக்கோ' என்பார். இதில் அது நடக்காது. 'இது நிலையான பதிப்பு' என்று ஒருமுறை சொல்லி வெளியே விட்டுவிட்டால், அது எங்கெங்கேயோ இருக்கிற செட்டுகளில் போய் உட்கார்ந்துவிடும். யார் போய்த் திருத்துவது? அதனால் முதலில் சோதனைப் பதிப்பு வரும். பிறகு கடைசிச் சோதனைப் பதிப்பு. அதை ஆறு வாரம் விடாமல் ஓட்டிப் பார்ப்போம். நடுவில் ஒரு பெரிய தப்பு கண்டால் திருத்திவிட்டு, மறுபடி முதல் வாரத்திலிருந்து ஆறு வாரம். கடைசியில் ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக 'வல்மிஸ்' சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் வெளியே போகாது.

அந்த ஏழில் ஆறு பேர் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஏழாவது ஆள் நான். கோழிச் செட்டுக்குள் நின்று வியர்த்தவன் ஒருவனாவது மேசையில் இருக்கட்டும் என்று எங்கள் தலைவி ஹன்னா அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

3

இனி நான் செய்த தப்பு.

சோதனை அறையில் அலமாரி அலமாரியாகப் பெட்டிகள் இருக்கின்றன. புதுப் பதிப்பை அவற்றில் ஏற்றி ஆயிரக்கணக்கான சின்னச் சோதனைகளை ஓட்டுவோம். தேறினால் திரையில் பச்சைக் கோடு, தவறினால் சிவப்பு. தவறினால் 'மறுபடி' என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று தடவை அமுக்கலாம். ஒரு தடவை பச்சை வந்தாலும் தேறியதாக எடுத்துக்கொள்வோம். பெட்டிகளும் மெஷின்தானே, ஒயர் லூசாக இருக்கும், தூசி இருக்கும் என்பது எங்கள் சமாதானம்.

முன்னூற்றுப் பதினெட்டாம் சோதனை ரொம்ப எளிது. பெட்டியைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தில் எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். போன வருஷக் கடைசியில் ஒருநாள் அது சிவப்பு காட்டியது. பெட்டி எழுந்திருக்கவில்லை. 'மறுபடி' அமுக்கினேன். பச்சை. இரண்டு வாரம் கழித்து மறுபடி சிவப்பு. அமுக்கினேன். பச்சை. ஐந்தாறு தடவை இப்படி ஆனதும் அதை ஒதுக்குப் பட்டியலில் போட்டுவிட்டேன். அந்தப் பட்டியலில் போட்டால் சிவப்பு வந்தாலும் யாரையும் தொந்தரவு செய்யாது. காரணம் என்ற இடத்தில் 'மெஷின் கோளாறு' என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

ஒவ்வொரு தடவை 'மறுபடி' அமுக்கும்போதும் பெட்டியின் ஞாபகம் முழுக்க அழிந்துவிடும். அது ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை ஐந்தாறு தடவை என் விரலாலேயே அழித்திருக்கிறேன்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. என் மனைவி செல்வியின் அண்ணன், சின்னச்சாமி மச்சான், முதலமடையில் கோழிச் செட்டு வைத்திருக்கிறார். நாலு பக்கமும் மூடின செட்டு. ஒரு கடைசியில் காற்றைக் குளிரவைக்கிற ஈரத் தட்டி, மறு கடைசியில் ஆறு பெரிய விசிறி. உள்ளே ஐயாயிரம் கோழி. விசிறி நின்றால் நம் ஊர் வெயிலுக்கு கால் மணி நேரம்கூடத் தாங்காது. உயிர் இருக்கிற இடத்தில் சோதனைப் பதிப்பைப் போடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி, சுவரிலேயே ஒட்டியிருக்கும். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அவர் பெட்டியில் ஆறாம் பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். விசிறி இதில் மெதுவாகக் கிளம்பும், கோழி மிரளாது. நம்ம ஊட்டுக்கு முதலில் செய்வோம் என்ற பெருமை.

4

இந்த மாதம் முதல் வாரம் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு ஒரு காது குத்து விசேஷத்தில் ஆரம்பித்து வெயிலுக்கு வந்தது.

"விசிறியெல்லாம் எப்படிங்க மச்சான் ஓடுது?"

"நல்லாத்தானுங் மாப்ள ஓடுது. நடுவுல ரெண்டு தடவ எல்லாம் ஒண்ணா நின்னுபோச்சு. பெல் அடிச்சுது. ஓடிப் போயி ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். எடுத்துக்குச்சு."

"ரெண்டு தடவையா? ஏனுங்க எங்கிட்ட சொல்லலை?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க? மிஷினுன்னா அப்படித்தானுங்க. உங்க தங்கச்சி கூட சித்த நேரம் பேசாம இருந்துட்டுத்தான் பேசுது."

தன் மனைவியைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிள்ளைகளே, நான் சோதனை அறையில் செய்ததையே அவர் செட்டில் செய்திருக்கிறார்.

பழைய பதிப்பை உடனே ஏற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் பெட்டி அணைந்திருக்க வேண்டும், அதுவரை விசிறியைக் கைச்சுவிட்சில் ஓட்ட வேண்டும். கோழிக்கு முப்பது நாள் ஆகிவிட்டது, இன்னும் ஒரு வாரத்தில் விற்பனைக்குப் பிடித்துவிடுவார்கள். "இந்த வெயில்ல கைச்சுவிட்சை நம்பி ஒரு மணி நேரம் விடமாட்டனுங்க. இந்த பேட்ச் போவட்டும். நாந்தான் பக்கத்துலயே கட்டலைப் போட்டுக் கெடக்கறனே" என்றார்.

எங்கள் மேசைக் கூட்டம் அந்த வியாழக்கிழமை.

5

ஹன்னா ஒவ்வொருவராகக் கேட்டார். வல்மிஸ். வல்மிஸ். கடிகாரப் பகுதியை எழுதிய மிக்கோ காபிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டே வல்மிஸ் என்றார். ஆறு பேர் முடிந்து என்னிடம் வந்தது.

பயத்தில் எனக்கு அவர்கள் பாஷை தடுமாறும். 'அது தயார் இல்லை' என்பதற்குப் பதில் 'நான் தயார் இல்லை' என்று சொல்லிவிட்டேன்.

"நீ தயாராக வேண்டாமப்பா, கல்யாணமா நடக்கிறது?" என்றார் மிக்கோ. எல்லோரும் சிரித்தார்கள்.

முன்னூற்றுப் பதினெட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டியலில் போட்டது நான்தான் என்று சொன்னேன். மச்சான் செட்டில் ஏற்றியதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஹன்னா சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் விஷயத்தைப் பிறகு பேசலாம் என்றார்.

"ஆதாரம் இருக்கிறதா?" என்று மிக்கோ கேட்டார்.

"அழித்துவிட்டேன். மச்சானும் அழித்துவிட்டார்."

"கோழிப் பண்ணையில் ஆயிரம் காரணம் இருக்கும். எலி கடித்திருக்கும். அடுத்த பதிப்புக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா?"

ஹன்னா நியாயமான ஆள். பட்டியலிலிருந்து அந்தச் சோதனையை வெளியே எடுத்து, 'மறுபடி' பொத்தான் இல்லாமல், எல்லாப் பெட்டியிலும் ஓட்டச் சொன்னார். திங்கட்கிழமை மதியம் வரை. அதற்குள் ஒன்றும் அகப்படாவிட்டால், என் மறுப்பைக் குறித்துக்கொண்டு, தலைவிக்கு மட்டும் இருக்கிற அதிகாரத்தில் தன் பொறுப்பில் வெளியிடுவதாகச் சொன்னார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் திரை முழுக்கப் பச்சை. இவ்வளவு பச்சையைப் பார்த்து நான் இதுவரை பயந்ததில்லை.

6

ஆதாரம் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான் மிச்சம். மச்சானுக்குப் போன் செய்தேன். அடுத்த தடவை விசிறி நின்றால் ஆஃப் பண்ணக்கூடாது. கைச்சுவிட்சுக்கும் மாற்றக்கூடாது, மாற்றினால் பெட்டிக்குக் கரண்டு போய் ஞாபகம் அழிந்துவிடும். லேப்டாப்பை ஒயரில் சேர்த்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும். நாலு நிமிஷம் ஆகும் என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த செல்வி போனைப் பிடுங்காத குறை. "என்ற அண்ணன் கோழிய வெச்சு உங்க ஆபீசுக்குப் பரீட்சை நடத்தறீங்களா? ஏத்தினதும் நீங்க. இப்ப சாவட்டும்னு சொல்றதும் நீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மச்சான் "இந்த மாதிரி எத்தன பெட்டிக்கு இதைப் போடப் போறாங்க மாப்ள?" என்று கேட்டார்.

"எண்ண முடியாதுங்க."

"செரி. வாசலு ரெண்டையும் தொறந்து வெச்சுக்கறேன்."

சனிக்கிழமை எங்களுக்குக் காலை பத்தரை, முதலமடையில் மதியம் இரண்டு மணி. போன் வந்தது. எடுத்ததும் பெல் சத்தம். விசிறிச் சத்தம் இல்லை. நான் எத்தனையோ செட்டுக்குள் நின்றிருக்கிறேன், விசிறி இரைச்சல் இல்லாத செட்டை அன்றைக்குத்தான் கேட்டேன். போனைக் கூடத்து மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, ஒயரு எந்தப் பக்கமுங்க?"

"கீழ, இடது பக்கம். சொருகினதும் திரையில ஒரு கோடு ஓடும்."

"ஓடலீங்க."

"இன்னொருக்கா சொருகுங்க. அழுத்தி."

"கை வேர்த்து வழுக்குதுங்க... ஆங், ஓடுது."

நாலு நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். பழைய லேப்டாப். ஏழு நிமிஷம் ஆனது. முதலில் கோழிகள் சத்தம் போட்டன. பிறகு சத்தம் குறைந்தது. அவை வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் சத்தம் குறையும், எனக்குத் தெரியும். என் மகள் தர்ஷினி அறையிலிருந்து வந்து நின்றாள். அவளுக்குப் பதிமூன்று வயது. தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது, பதில் இங்கத்துப் பாஷையில்தான் வரும். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, கோழி ஏன் கத்தல?"

செல்வி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"முடிஞ்சுதுங்க" என்றார் மச்சான். சுவிட்சைத் தட்டும் சத்தம். ஒவ்வொன்றாக விசிறி கிளம்பியது. போனை அவர் வைக்கவில்லை. அவர் நடந்து போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனைங்க மச்சான்?"

"பின்பக்கம் பூராம் கெடக்குதுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க, மொதல்ல."

7

மிக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்தார். மச்சான் அனுப்பியதைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தார். பிறகு காபியைத் தள்ளி வைத்தார்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பைக்கில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டர் உண்டல்லவா? எல்லா இடத்திலும் ஒன்பது வந்த பிறகு அது எல்லாம் சுழியமாகத் திரும்பும். பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு மீட்டர் நேரத்தை எண்ணிக்கொண்டே போகிறது. விசிறி தூங்கப் போகும்போது 'இந்த எண் வந்ததும் என்னை எழுப்பு' என்று சொல்லிவிட்டுப் போகும். மீட்டர் சுழியத்துக்குத் திரும்புகிற அதே கணத்தில் அது சொல்லியிருந்தால், அந்த எண் வரவே வராது. எழுப்ப ஆளில்லை. அது காத்துக்கொண்டே கிடக்கும். அந்தக் கணம் வாய்ப்பது அபூர்வம். ஆனால் வாய்க்கும்.

திங்கட்கிழமை ஆறாம் பதிப்பு நின்றது. ஒரே வரித் திருத்தம்தான், அரை நாளில் முடிந்தது. ஆறு வாரம் மறுபடி முதலிலிருந்து. எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். என் நாற்காலி என்னிடமே இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது, அது சரிதான்.

திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஹன்னா கேட்டார், "மிக்கோ, இந்த வரியை நீ புதிதாக எழுதினாயா?"

"இல்லை. ஐந்தாம் பதிப்பிலிருந்து அப்படியே எடுத்தேன்."

யாரும் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

ஐந்தாம் பதிப்பில் மீட்டர் மெதுவாக எண்ணுகிறது. ஒரு சுற்று முடிய ஏழு வாரத்துக்கு மேல். ஆறாவதில் கடிகாரத்தை நுணுக்கமாக்கினார்கள், அதனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே ஒரு சுற்று வந்துவிடுகிறது. தப்பு ஒன்றுதான். ஆறாவது அதைச் சீக்கிரம் காட்டிக் கொடுத்துவிட்டது. நிலையானது என்று நாங்கள் ஏழு பேரும் வல்மிஸ் சொல்லி அனுப்பிய ஐந்தாவது, இத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டு ஓடுகிறது.

கரண்டு போய் வந்தால் மீட்டர் மறுபடி சுழியத்திலிருந்து எண்ணும். நம் பக்கம் ஏழு வாரம் கரண்டு போகாமல் இருந்தது உண்டா? ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். அதுதான் இத்தனை நாளும் நம் செட்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இப்போது எல்லோரும் பெட்டிக்கு யூபிஎஸ் வைக்கிறார்கள். வைக்கச் சொல்லி நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். மறுபடி பழைய பதிப்பை ஏற்றச் சொன்னவனும் நான்தானே. அவர் கேட்டுவிட்டு, "அப்ப கரண்டு ஆபீசுக்காரன இத்தன நாளு சும்மா திட்டிப்போட்டோமுங்க" என்றார். சிரிக்கவில்லை. பிறகு கேட்டார்: "செரி, எனக்குச் சொல்லீட்டீங்க. மத்த செட்டுக்காரனுக்கு ஆரு சொல்றது?"

ஹன்னாவிடம் இதையே கேட்டேன். இணையப் பக்கத்தில் அறிவிப்புப் போட்டாயிற்று, இங்கிலீஷிலும் அவர்கள் பாஷையிலும். ஐந்தாம் பதிப்பை யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு கிடையாது. நிலையான பதிப்புக்கு நாங்கள் பெயர் கேட்பதில்லை.

பிள்ளைகளே, அதனால்தான் பனியைப் பற்றி எழுதவில்லை. உங்கள் ஊட்டிலோ, சித்தப்பா மாமன் ஊட்டிலோ, போகிற வழியில் எந்தத் தோட்டத்திலோ மூடின கோழிச் செட்டு இருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பெட்டி. வலது ஓரத்தில் சின்னத் திரை. திரைக்கு அடியில் ஐந்து என்ற எண் இருக்கும். வெயில் இறங்கின பிறகு, பெரியவர்கள் பக்கத்தில் நின்று, யூபிஎஸ்ஸோடு சேர்த்து அதை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட வேண்டும். மாதம் ஒருமுறை, புதுப் பதிப்பு வரும்வரை. நீங்கள் பெட்டியைத் தொடாதீர்கள், சொன்னால் போதும். சின்னப் பிள்ளை சொல்வது என்று தள்ளினால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக எப்போது அணைத்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். 'ஞாபகம் இல்லையே' என்றால், அவர்கள் எழுந்து போய்ப் பார்க்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.